மூன்றையும் ஒன்றாக

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். அவனுக்குத்தான் காது சூடாகிவிட்டது.

வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. எழுந்து போய்ச் சாத்தியிருக்கலாம்.

அவன் எழவில்லை.

ஈரோட்டில் சனிக்கிழமை காலை என்றால் தோல் டாக்டரிடம் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. இரண்டு பேராக உள்ளே போனதைப் பார்த்தவர்கள், அவன் மட்டும் திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். எதிரே இருந்த அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கலாமணி அவன் மனைவி. பதினெட்டு வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். நேற்றுச் சாயங்காலம், முகத்தை இளமையாகக் காட்டும் என்று விற்கிற மூன்று சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக முகத்தில் பூசியிருக்கிறாள். முதலில் விட்டமின் சி. அதன் மேல், பத்தே நிமிஷத்தில் கழுவிவிட வேண்டிய கிளைகாலிக் ஆசிட். கழுவாமல் அதன் மேலேயே ரெட்டினால்.

காலையில் முகம் வெந்து, கண்ணுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

டாக்டர் நம்பவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் ஆசிட்டின் மேல் ஆசிட் பூசுவாளா? பூசினாலும் அந்த எரிச்சலில் கழுவாமல் இருப்பாளா? புருஷன் எதையோ ஊற்றிவிட்டு, சீரம் கதை சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவன் கை ஓங்கியவன் இல்லை. ஒரு நாளும் இல்லை. கல்யாண வீடுகளில் நாலு பேர் கூடினால், பெரிய பட்டம் வாங்கியவன் போல அதைச் சொல்லிக்கொள்வான்.

பாட்டில்களை வாங்கித் தந்தது அவன்தான். அது வாஸ்தவம்.

ஆபீஸ் விழாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன் அவளைக் காட்டி, "உங்க அக்காவா சார்?" என்று கேட்டுவிட்டான். அதை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். காபித் தட்டோடு நின்றபடி அவளும் சிரித்தாள். மறு வாரமே மூன்று பாட்டிலைத் தருவித்துக் கொடுத்தான்.

அக்கறையில்தானே?

நேற்று அவள் ஹாலுக்கு வந்து அவன் முன்னால் நின்று, "எரியுதுங்க," என்றாள்.

அவன் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றான்.

நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

உள்ளே டாக்டரின் குரல் தாழ்ந்தது. "பயப்படாதீங்க கலாமணி. அவர் இங்க இல்ல. உண்மையச் சொல்லுங்க. அவர் ஏதாச்சும் ஊத்துனாரா? அடிப்பாரா?"

அவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினான். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. இருபது வருஷம் கட்டிக் காத்த நல்ல பெயர் இப்போது அவள் வாயில் இருந்தது. காத்திருந்தவர்களின் பேச்சும் நின்றுவிட்டது.

"இல்லீங்க டாக்டர்."

அவனுக்கு மூச்சு வந்தது. எதிரே இருந்த அம்மாளை நேருக்கு நேர் பார்த்தான். கேட்டீர்களா என்று கேட்காத குறைதான்.

"நானேதான் போட்டேன். சேர்த்துப் போட்டா வெந்துரும்னு தெரியுங்க. பசங்களுக்கே நாந்தான சொல்லிக் குடுக்கறேன்."

"தெரிஞ்சுமா? எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுதுங்க. கழுவோணும்னுதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி அவருகிட்டப் போய் நின்னேன். என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டா, ஓடிப்போய்க் கழுவிக்கலாம்னு."

உள்ளே டாக்டர் பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அடிக்கறதெல்லாம் இல்லீங்க. அடிக்கோணும்னாக்கூட மூஞ்சியப் பாக்கோணுமில்லீங்களா."

அவள் அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்லும் குரலில்தான் சொன்னாள். அவனுக்கு அந்தக் குரலே மறந்துபோயிருந்தது.

எதிரே இருந்த அம்மாள் இப்போது அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைத்திருந்தாலாவது தேவலை.

எழுந்து அப்படியே படியிறங்கிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவமானமாக இருந்தது.

"சார், உள்ள வாங்க," என்று டாக்டர் கூப்பிட்டார். "மருந்து எங்கெங்க போடணும்னு பாத்துக்குங்க. கொஞ்ச நாளைக்கு நீங்கதான் போட்டு விடணும்."

அவன் போனான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் முகத்திலிருந்த ஈரத்துணியை மெதுவாக எடுத்தார்.

அவன் பார்ப்பதற்காகக் குனிந்தான்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.