அளக்கும் மைக்

"ரிசீவரும் ஸ்பீக்கரும் மாமியார் மருமகள் மாதிரி. ஒத்துப்போகலன்னா வீடே புகைஞ்சிடும்!"

ஹோம் தியேட்டர் வாங்கும் ஆசை வந்ததிலிருந்து கணவருக்கு இதே பேச்சுதான். சாப்பிடும்போது ஓம்ஸ், படுக்கும்போது வாட்ஸ். கடைக்கு வந்தும் ஓயவில்லை. மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அவர் ஒரு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்கப் போன நேரத்தில், அவள் கடைக்காரரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். பதில் கிடைத்ததும் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டிகளில் விலை கூடிய ஒன்றைக் காட்டி, "இதையே எடுத்துடுங்க" என்றாள்.

கணவர் வாயைப் பிளந்தார். "துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவே! நீயா சொல்ற?"

மறுநாள் மெக்கானிக் வந்து ஒயர்களை இணைத்தார். சோபாவில் ஒரு குட்டி மைக்கை வைத்தார்.

"சார், ஸ்பீக்கர்ல மாத்தி மாத்தி 'பீப்' வரும். அதை இந்த மைக் கேட்டு, ஹாலுக்குத் தகுந்த மாதிரி சத்தத்தை அளந்து வைக்கும். நான் சொல்ற வரைக்கும் மூச்! ஒரு வார்த்தை பேசினாலும் மறுபடி முதல்ல இருந்து அளக்கணும்."

கணவர் வாயை மட்டுமல்ல, பயத்தில் கண்ணையும் மூடிக்கொண்டு மூலையில் நின்றார்.

மனைவி சமையலறை ஜன்னலோரம் டீயோடு சாய்ந்தாள். வெளியே குருவி கத்துவது வெகு நாளைக்குப் பிறகு காதில் விழுந்தது.

மெக்கானிக் தயங்கித் தயங்கி வந்து கிசுகிசுத்தார். "அக்கா, அளந்து முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. பாவம், அடுத்த பீப்புக்காக நின்னுட்டிருக்கார். சொல்லிடவா?"

"என்ன அவசரம்? உட்கார்ந்து டீயைக் குடிங்க தம்பி. எந்த ரிசீவருக்கு ரொம்ப நேரம் வாயை மூடிட்டு இருக்கணும்னு கேட்டுத்தானே இதை வாங்கினேன்!"