எங்கள் வீட்டுப் புருவம்

மருந்து ஊசியோடு வந்த சிஸ்டரை நான் கையை நீட்டி மறித்தேன்.

"சிஸ்டர், இது வலி இல்ல. இது எங்க வீட்டு முகமாக்கும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள் புருவத்தை நெரித்துக்கொண்டு கிடந்தாள். பிறந்ததும் பிறக்காததுமாக வயிற்றில் ஆபரேஷன். அழக்கூடத் தெம்பில்லை.

பச்சைப் பிள்ளைகளுக்கு வலி மருந்தை எப்படிக் கொடுப்பது நல்லது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு விடாமல் சொட்டுச் சொட்டாக ஏறும். சில பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்து, வலிப்பதாகத் தெரிந்தால் மட்டும். நாங்களும் சம்மதித்தோம். குலுக்கலில் எங்களுக்கு இரண்டாவது விழுந்தது. மருந்து கூடிப்போனால் மூச்சு மந்தமாகலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தாம்! எங்கள் வம்சத்துக்கே கடுகடு முகம்.

எங்கள் பேட்டை கொச்சங்காடியில், சாயாக்கடைக்குள் நான் நுழைந்தாலே, இன்றைக்கு யாரோடு சண்டை என்று கேட்பார்கள். கல்யாண போட்டோவில் யாரோ கடத்திக்கொண்டு வந்தவன்போல நிற்கிறேன். கார்ப்பரேஷன் சாக்கடை வேலையோடு சேர்த்து அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இந்தப் புருவம். அவர் செத்துக் கிடந்தபோதுதான் அது முதன்முதலாக விரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று அத்தை சந்தேகப்பட்டாள்.

இதையெல்லாம் சிஸ்டருக்கு விளக்கினேன். சாட்சிக்கு என் முகத்தையே பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். டாக்டருக்கே தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று கொஞ்சம் கர்வம் வேறு.

சிஸ்டர் பிள்ளையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சேட்டா, கொஞ்சம் மாறி நில்லுங்க."

குழாய் வழியாக மருந்தை மெதுவாக ஏற்றினார்.

நான் மகளின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்பு ஒழுங்காக ஏறி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் புருவம் தளர்ந்தது. நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை. இப்படி ஒரு முகத்தோடு எங்கள் வீட்டில் யாரும் உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை.

இவளுக்கு மருந்து கிடைக்காமல் செய்யப் பார்த்தேனே என்று எனக்கு அழுகை வந்தது.

பிரசவ வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் வந்திருந்த என் மனைவி மஞ்சுஷா எட்டி, என் நெற்றியில் விரலை வைத்தாள்.

"அப்போ உங்களுக்கு எங்கயாக்கும் வலிக்குது?"