இறுகக் கட்டிய படகு

தீவு விடுதியின் படகுத்துறையில் நண்பர்கள் இறங்கியபோது கடல் ஏற்றத்தில் பொங்கி நின்றது. படகின் விளிம்பும் துறையின் பலகையும் ஒரே மட்டம். சாப்பிட்டதும் கிளம்புவதாகப் பேச்சு. குமட்டலுக்கு மாத்திரை போட்டிருந்த இர்ஃபான் மட்டும் படகின் உள்ளறையில் தூங்கிப்போயிருந்தான். தனசேகர் முன்கயிற்றையும் பின்கயிற்றையும் தூண்களோடு ஒட்ட இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டான்.

"போதும்டா. அது என்ன கன்னுக்குட்டியா, அத்துக்கிட்டு ஓட?" என்று சிரித்தாள் மதுமிதா.

"உள்ள ஆள் தூங்குறான். நகரக்கூடாது."

விடுதி மேசைக்கு மீன் வர வெகுநேரமானது; வந்தும் தனசேகருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டி எட்டிப் பார்த்தான். பார்த்தபோதெல்லாம் படகு அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. அதுதான் அவனுக்கு ஒரே நிம்மதி.

"தண்ணி நல்லா வத்திருச்சு சார், பாறையெல்லாம் தெரியுது பாருங்க" என்றார் பரிமாறியவர்.

தனசேகர் எழுந்து ஓடினான். கடல் ஆளுயரம் இறங்கியிருந்தது. படகு இறங்கவில்லை. இரண்டு கயிறுகளில் ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடிவயிற்றிலிருந்து நீர் சொட்டியது. முடிச்சைப் பிய்த்துப் பார்த்தான், நகம்தான் பிய்ந்தது. மதுமிதா சாப்பாட்டு மேசைக் கத்தியோடு ஓடிவந்தாள். வாங்கிக்கொண்டவன் கீழே பாறைகளைப் பார்த்தான்.

உள்ளிருந்து தூக்கக் குரல் கேட்டது. "கிளம்பியாச்சாடா? ரொம்ப சாயுது. இரு, மேல வர்றேன்."

"அசையாதடா!"

தூணில் ஏதோ நெரியும் சத்தம் கேட்டது. முடிச்சு மட்டும், அவன் போட்டபடியே, இம்மியும் தளரவில்லை.