ஒளித்து வைத்த செருப்பு

தொட்டிலில் இருந்த கைக்குழந்தையைத் தூக்கப் போன நாத்தனாரின் கையை, மூன்று வயது மகள் நறுக்கென்று கடித்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னிக்கு அத்தை வந்ததும் வராததுமா அவங்க செருப்பை ஒளிச்சு வச்சே. இப்ப கடிக்கிறியா?"

"தம்பி பொறந்த பொறாமை. நாலு போடு, அடங்கிடுவா" என்றாள் நாத்தனார்.

அம்மா கையை ஓங்கினாள். மகள் தொட்டிலைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

"தம்பியத் தர மாட்டேன்! நேத்து அத்தைதான் சொன்னாங்க, பாப்பாவைப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்னு. செருப்பு இல்லாம எப்படிப் போவாங்க?"

"அட, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தாள் நாத்தனார்.

ஓங்கிய கை மகளின் தலையை வருடியது. குரலில் மட்டும் சூடு குறையவில்லை.

"அந்தச் செருப்பை எடுத்துட்டு வாடி, கண்ணு. அத்தை கிளம்பறாங்க."