இருநூற்று ஒன்பதாம் பெட்டி

நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் மாட்டேன் என்றது.

அதுவும் ஒரு நாள் இல்லை, மூன்று நாள். இத்தனை பேர் தலையாட்டும்போது இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பள்ளிப்பட்டு தாண்டி வரப்போரம் வண்டியை நிறுத்திவிட்டு, கல்பனா அந்தப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். பார்த்தால் சாதுவாகத்தான் இருந்தது. எல்லம்மாளின் கிணற்றடிக் கொட்டகைச் சுவரில், ஒரு பச்சை விளக்கோடு, பக்கத்தில் ஒரு பல்லியோடு.

மணி இரண்டு இருபது.

திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் கல்பனாவின் சின்ன அலுவலகத்திலிருந்துதான் இந்தக் கிணற்றுப் பெட்டிகளுக்கெல்லாம் கட்டளை போகும். மும்முனை மின்சார நேரம் ஆனதும் பெட்டி, நிலத்துக்காரரின் செல்போனைக் கூப்பிடும். அவர் ஒன்று அழுத்தினால் மோட்டார் ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை.

நாளை முதல் அந்த நேரம் மாறுகிறது. மத்தியானம் இரண்டரைக்கு வந்த மின்சாரம் இனிமேல் காலை ஒன்பதுக்கு வரும்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று மாறினால் ஒவ்வொரு பெட்டிக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்புவார்கள். இரண்டு நாள் இழுக்கும், பாதி போய்ச் சேராது. மாறிய ஒரு வரியை மட்டும் அனுப்பினால் போதாதா என்று கேட்டவள் கல்பனாதான். இப்போது பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஒரே நிபந்தனை, நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். சரி என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் இரண்டு.

நானூற்றுப் பதினொரு பேர் ஒன்று அழுத்தினார்கள். இருநூற்று ஒன்பதாம் பெட்டிக்காரர் ஜெகநாதன் மூன்று நாள் சாயங்காலமும் இரண்டு அழுத்தினார். காலையில் கூப்பிட்டுப் பேசலாமென்றால் அவர் போன் அணைந்தே கிடந்தது.

இன்றைக்குள் மாற்றாவிட்டால் நாளை மத்தியானமும் பெட்டி பழைய நேரத்துக்கே அவரைக் கூப்பிடும். அரைகுறை மின்சாரத்தில் மோட்டார் ஓடி, உள்ளே காயில் கம்பி கருகிவிடும். இந்த நிலத்துக்கு இருப்பது இந்த ஒரு மோட்டார்தான்.

"வூட்டுக்காரரு எங்கம்மா? ஏன் வேணாம்னு அழுத்திகினு இருக்காரு?" என்று கேட்டாள் கல்பனா.

ஜெகநாதனின் மனைவி எல்லம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு செத்துப் பூட்டு ரெண்டு வருசம் ஆவுது கண்ணு."

கல்பனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப தெனமும் மோட்டாரை யாரு போடறது?"

"என்னையக் கேக்கற? நீங்கதானே ஓட்டிகினு இருக்கீங்க?"

ஜெகநாதன் போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எல்லம்மாளே தினமும் நடந்து வந்து பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தியிருக்கிறாள். இந்தத் தை மாதம் ஒரு நாள், அவள் வந்து சேர்வதற்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் ஓடியது. தனியாகக் கிடந்து அல்லாடுகிறாளே என்று கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கப் போய் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவில்லை.

கம்பெனிக்காரர்களோ ஜெகநாதன் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை.

பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். கல்பனா கையிலிருந்த திரையைப் பார்த்தாள். அழைப்பு போகிறது. யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்று.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்பனா உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். இந்த முறை மணி அடித்தது.

எடுத்தது ஒரு சின்னப் பெண். பேச்சு தெற்கத்திப் பேச்சு. பெயர் மோனிஷாவாம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். ஜெகநாதன் யாரென்றே தெரியாது. தை மாதம் புது சிம் வாங்கியபோது கொடுத்த எண் இது. செத்துப்போனவரின் எண் கொஞ்ச காலம் சும்மா கிடந்து, இவள் கைக்குப் போயிருக்கிறது.

முதல் நாள், தொல்லை விட்டால் போதும் என்று ஒன்று அழுத்தினாளாம். 'மோட்டார் ஓடுகிறது, நன்றி' என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் எடுக்காமல் இருக்க மனசு வரவில்லையாம்.

"அப்புறம் ஏம்மா மூணு நாளா ரெண்டு அழுத்துற?" கல்பனாவுக்குக் கோபம் இருந்தது. தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிட அதிகமாக இருந்தது.

"காலைல ஒம்பது மணின்னு சொல்லுச்சுக்கா. கம்பெனி கேட்லயே எங்க போனை வாங்கி வச்சிருவாங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சாத்தான் தருவாங்க. ஒம்பதுக்குக் கூப்பிட்டா யாருக்கா எடுப்பா? தண்ணி இல்லாமக் காஞ்சு போயிராதா?"

எட்டு மாதமாக ஒரு நாளும் தப்பாமல், யார் நிலம், எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் இந்தப் பெண் தண்ணீர் விட்டிருக்கிறாள்.

எல்லம்மாள் இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினாள். கல்பனா ஜெகநாதனின் எண்ணை நீக்கிவிட்டு எல்லம்மாளின் எண்ணைப் போட்டாள். மறுபடி அனுப்பினாள். எல்லம்மாளின் போன் அடித்தது. அவள் ஒன்று அழுத்தினாள்.

நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. மோட்டார் பிழைத்தது.

"இனிமே உனக்கு போன் வராதும்மா. நிலத்துக்காரம்மா பேருக்கே மாத்தியாச்சு," என்றாள் கல்பனா.

"சரிக்கா," என்றாள் மோனிஷா. ஆனால் போனை வைக்கவில்லை. "அங்க என்னக்கா போட்டிருக்காங்க?"

எல்லம்மாள் குனிந்து போனுக்கு வாயைக் கொடுத்தாள். "வேர்க்கடல கண்ணு. பூ வுட்டுகினு கீது."

மறுமுனையில் யாரோ ஹாஸ்டல் வாளியை உருட்டும் ஓசை கேட்டது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு மட்டும் நான் அழுத்தட்டுமா?"