சுற்றிப் பார்க்க வந்தவர்

டை கட்டிய ஒருவர் அரசுப் பள்ளி வாசலில் வந்து நின்றதும் தலைமையாசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளியை மூடிவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகக் காலையில்தான் தகவல் வந்திருந்தது.

"வாங்க சார்! இது நூறு வருஷக் கட்டடம். ஆனா ஆய்வுக்கூடம் புத்தம் புதுசு!" என்று மூச்சு விடாமல் சுற்றிக் காட்டினார்.

"சாயங்கால வகுப்பு நடக்குதாமே?"

"ஆமா சார். கணக்கு வராத பிள்ளைங்களுக்கு, நல்லா படிக்கிற பிள்ளைங்களே சொல்லிக் குடுக்கிறாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை!"

வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், நான் அதிகாரி இல்லை. எதிர்த்தாப்பல இருக்கிற தனியார் பள்ளியோட முதல்வர்."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. "அப்போ வேவு பார்க்க வந்தீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! எங்க பள்ளியில படிக்கிற என் பொண்ணு முதல் தடவையா கணக்குல பாஸ் பண்ணியிருக்கா. எப்படிடீன்னு கேட்டா, தினமும் சாயங்காலம் உங்க சுவர் ஏறிக் குதிச்சு வந்து படிச்சாளாம்!" அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கையைக் காலை உடைச்சுக்கப் போறா. இங்கேயே சேர்த்துக்குங்க மேடம், வாசல் வழியாவே வரட்டும்!"