திருட்டுத் தாலாட்டு

பஸ்ஸிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் சின்னராசு கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். போன வருஷம் போலீஸோடு வந்து இதே கடையைக் காலி செய்தவர். இன்று தனியாகத்தான் வந்தார். ஆனாலும் ஜீப் எங்காவது மறைவில் நிற்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

வந்தவர் பெயர் திருநாவுக்கரசு. கல்பாக்கத்தில் வேலை. மனைவி ரோகிணி பாடிய தாலாட்டுப் பாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, சிடியாகப் போட்டு, கடை கடையாக ஏறி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை வாங்கி நகலெடுத்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கால் விலைக்கு விற்றவன் சின்னராசு.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் நின்று அவன் அலுத்துப்போயிருந்தான். சிடி வியாபாரத்தையே விட்டுவிட்டு இப்போது செல்போன் கவரும் ரீசார்ஜ் கார்டும் விற்கிறான்.

அன்று மடிப்புக் கலையாத சட்டையில் வந்து இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் பேசியவர், இன்று கசங்கிய சட்டையோடும் சவரம் செய்யாத முகத்தோடும் கவுண்டர் முன்னால் நின்றார். அந்தத் தாலாட்டு சிடி ஒன்று வேண்டும் என்றார்.

அதெல்லாம் இப்போது கிடையாது என்றான் சின்னராசு. அவர் நகரவில்லை. பழைய சரக்கில் ஏதாவது தங்கியிருக்குமா, பாட்டு நடுவில் நிற்காமல் ஓடுமா என்று கேட்டார். கோர்ட்டில் ஆதாரம் காட்டத்தான் கேட்கிறார் என்று அவன் நினைத்தான்.

"சார், ஒரு தபா மாட்டினதே போதும். மறுபடியும் இன்னாத்துக்கு வந்து கிண்டறீங்க?"

"நீ பண்ணது தப்புதான் தம்பி. நான் புகார் குடுத்ததும் சரிதான். அதைப் பேச வரலை."

டிசம்பர் சுனாமியில் கடல் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டர், அதிலிருந்த பதிவு, சிடி, ஒன்றும் மிஞ்சவில்லை. விற்கக் கொடுத்த கடைகளில் கேட்டால் எப்போதோ தீர்ந்துவிட்டது என்கிறார்கள். வாங்கிப்போனவர்கள் யாரென்று தெரியாது. போலீஸ் அள்ளிய நகல்கள் அரக்கு முத்திரையோடு கோர்ட்டில் கிடக்கின்றன. வழக்கு முடியாமல் ஒன்றைக்கூடத் தர முடியாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சொல்லி முடித்துவிட்டு, கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். போகச் சொல்லிப் பார்த்தான். இரண்டு பஸ் வந்து போன பிறகும் அங்கேயே இருந்தார்.

சின்னராசுக்கு ஒரு சிடி இருக்கும் இடம் தெரியும். ரெய்டு வந்த அன்று அது கடையில் இல்லை. கடைக்குப் பின்னாலிருந்த அவன் வீட்டு பிளேயரில் ஓடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை பொன்னி அதைப் போட்டால்தான் தூங்குவாள்.

எழுந்து வீட்டுக்குப் போனான். அதைக் கொடுத்துவிட்டு ராத்திரி குழந்தையை யார் தூங்கவைப்பது என்று அவன் மனைவி சண்டைக்கு வந்தாள். அவன் சிடியைத் துணியில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"வூட்ல இந்த ஒண்ணுதான் கீது. கீறல் வுழுந்திருக்கு, ஆனா ஓடும்."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பை கொண்டுவந்திருந்தும் அதற்குள் வைக்கவில்லை. எவ்வளவு என்று கேட்டார். சின்னராசு வேண்டாம் என்று கையசைத்தான்.

அவர் நன்றி சொன்னதும், அவனுக்கு இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. கடைச் சரக்கெல்லாம் போனது, ஊருக்குள் திருடன் என்று பேர் வாங்கியது, எல்லாவற்றையும் சத்தம் போடாமல் சொன்னான்.

"இப்ப இந்தத் திருட்டு சிடிக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேஜாரு? அம்மாவை இன்னொரு தபா பாடச் சொல்லிப் பதிவு பண்ணிக்கினா முடிஞ்சுது."

திருநாவுக்கரசு சிடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளும் அந்தத் தண்ணியோடதான் போனா தம்பி."